இயந்திரம் வருமுன்னே மின்சாரம்

பெங்களூருக்குப் பிழைப்பை நாடி வந்த நம்மவர்களில், கைத்தொழில் ஒன்றையே முதலாகக் கொண்டு முன்னுக்கு வந்தவர்கள் பலர். கம்பெனியில் டர்னராகவோ ஃபிட்டராகவோ சில காலம் உழைத்து, சேமித்த பணத்தில் பீனியாவிலோ அதன் சுற்றுப்புறத்திலோ ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு லேத்தைப் போட்டுத் தொழில் தொடங்கியவர்களை நாம் யாவரும் அறிவோம். அத்தகைய அன்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் கூறிவிடுகிறேன்.

அவருடைய பட்டறையில் 5 குதிரைச் சக்தி லேத் ஒன்றும், 3 குதிரைச் சக்தி மில்லிங் இயந்திரம் ஒன்றும், தலைக்கு 1 குதிரைச் சக்தியில் துளையிடும் இயந்திரமும் சாணை இயந்திரமும் இருந்தன. ஆக மொத்தம் 10 குதிரைச் சக்தி. அவர் பெற்றிருந்த மின் அனுமதியும் அவ்வளவே. பெரிய ஆர்டர் ஒன்று கிடைத்தது. வங்கியில் கடன் வாங்கி, போதாத குறைக்கு மனைவியின் நகைகளையும் அடகு வைத்து, சி.என்.சி. லேத் ஒன்றை வரவழைத்தார். அது வந்து இறங்கிய பிறகுதான் மின்சாரத்தின் நினைவு வந்தது. கூடுதல் சுமைக்கு மனுச் செய்தபோது, அந்த ஷெட்டுக்கு வரும் கேபிளே போதாது என்று தெரிந்தது. ஷெட்டின் சொந்தக்காரரோ சம்மதக் கடிதம் தரத் தயங்கினார். இரண்டு மாத காலம் இயந்திரம் தார்ப்பாயின் கீழ் உறங்கியது. வங்கித் தவணை மட்டும் உறங்கவில்லை. ஆர்டரும் வேறு கைக்குப் போயிற்று.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைவது என்பது இதுதான்.

கோலார் காட்டிய வழி

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இம்மாநிலத்திலேயே உண்டு. கோலார் தங்கவயல் என்றால் நம்மவர்க்கு அறிமுகம் வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் உழைத்த இடம் அது. அச்சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவதற்காகவே காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் அமைக்கும் திட்டம், சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்த காலத்தில் உருவாயிற்று. இன்னாருக்கு இவ்வளவு மின்சாரம் என்பது முதலில் தீர்மானமாயிற்று. அதன் பிறகே கம்பிகள் இழுக்கப்பட்டன. 1902-இல் சுமார் 147 கிலோமீட்டர் கடந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் சென்றது. பெங்களூர் நகருக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். தேவையை முதலில் கணக்கிடு, வழியைப் பிறகு அமை என்ற அந்த முறை, ஒற்றை லேத் பட்டறைக்கும் பொருந்தும்.

கணக்கிடும் முறை

ஒவ்வோர் இயந்திரத்திலும் பதித்திருக்கும் பெயர்த் தகட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதுக. 1 குதிரைச் சக்தி 746 வாட். மும்முனை 415 வோல்ட் மின்சாரத்தில் 10 குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும்.

சி.என்.சி. இயந்திரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான். முக்கிய மோட்டாரை மட்டும் எண்ணிவிட்டு, ஹைடிராலிக் பம்ப், கூலன்ட் பம்ப், செர்வோ மோட்டார்கள், மின் பெட்டியைக் குளிரச் செய்யும் சாதனம் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். காற்றழுத்தம் வேண்டியிருந்தால் கம்ப்ரஸரும் சேரும். ஆகவே மொத்தத் தேவை எத்தனை கே.வி.ஏ. என்று இயந்திரம் செய்தவரிடம் எழுத்து மூலம் பெறுவது நலம். நாளை வரக்கூடிய இன்னொரு சிறு இயந்திரத்துக்கும் சற்று இடம் விட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது, மோட்டார் கிளம்பும் வேளை. நேரடியாக ஓட்டிவிடப்படும் மோட்டார், அந்தச் சில விநாடிகளுக்கு முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும்போதெல்லாம் விளக்கு மங்கி, பக்கத்திலுள்ள சி.என்.சி. நின்றுபோவது இதனால்தான். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அந்த இழுப்பை மூன்றில் ஒரு பங்காக்கும். ஆனால் திருப்பு விசையும் அதே அளவு குறையுமாதலால், பளுவோடு கிளம்ப வேண்டிய இயந்திரத்துக்கு அது ஒவ்வாது.

கேபிளில் சிக்கனம் பிடிப்பது வீண். மெல்லிய கம்பி நீண்ட தூரம் சென்றால் வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், மோட்டாரின் திருப்பு விசை நூற்றுக்கு 81 ஆகிவிடும். மூன்று முனைகளில் ஒன்று அறுந்தும் ஓடினால் மோட்டார் கருகும். அதைத் தடுக்கும் ரிலே, மோட்டாரின் விலையை நோக்க அற்பமே.

பவர் ஃபாக்டர் என்பதையும் கவனிக்க வேண்டும். 20 கிலோவாட் வேலைக்கு அது 0.7 ஆக இருந்தால் 28.6 கே.வி.ஏ. வேண்டும்; தக்க கெப்பாசிட்டர் வைத்து 0.95 ஆக உயர்த்தினால் 21 போதும். கே.வி.ஏ. கணக்கில் கட்டணம் விதிக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் மாதந்தோறும் பணமாகும்.

எல்லாவற்றிலும் தலையாயது எர்த். மும்முனை இயந்திரம் ஒவ்வொன்றின் உடலுக்கும் இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. பொருள் போனால் சம்பாதித்துக் கொள்ளலாம், உயிர் போனால்?

சட்டமும் காலமும்

இருக்கிற இணைப்பிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. வீட்டு இணைப்பில் பட்டறை நடத்துவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகம். அதற்கு இரு மடங்கு கட்டணம் விதிக்கப்படும். அனுமதித்த சுமையை மீறுவதும் இப்பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது.

நேர்வழியில் கேட்பவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-இல் செய்யப்பட்ட திருத்தம், முறையான மனுவின் மீது புதிய இணைப்போ மாறுதலோ தருவதற்குப் பெருநகரங்களில் 3 நாட்களும், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாட்களும், கிராமங்களில் 15 நாட்களும் கெடு வைத்தது. மலைப்பகுதிக் கிராமங்களுக்கு 30 நாட்கள். ஆனால் புதிய கம்பி வழியோ துணை மின் நிலையமோ தேவைப்பட்டால் கூடுதல் காலம் பிடிக்கும். நம் அன்பர் சிக்கியது அங்கேதான்.

ஆகவே வரிசை இதுவே: முதலில் பட்டியல், பிறகு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரின் யோசனை, வாடகை ஷெட்டானால் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், பிறகு மனு, அனுமதி கைக்கு வந்த பின்னரே இயந்திரத்துக்கு முன்பணம்.

அந்த அன்பரின் இயந்திரம் இன்று இரண்டு ஷிப்டுகளாக ஓடுகிறது. எனினும் அடகுக் கடையிலிருந்து நகைகளில் பாதி இன்னும் வீடு திரும்பவில்லை. "முதலில் ஒருவரைக் கேட்டிருக்கலாமே என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்" என்றார் அவர்.

நம் சங்கத்தில் மின் தொழில் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். புதிய இயந்திரம் வாங்க எண்ணும் அன்பர்கள், பெயர்த் தகட்டின் விவரங்களைக் குறித்துக்கொண்டு வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும்.