தாக்கரே என்னும் பெயர்

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் என்னும் மாநிலப்பகுதி உள்ளது. அங்கே வாஷ்பர்ன் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், பெருகிவந்த லீட்ஸ் நகர மக்களுக்குக் குடிநீர் வழங்கும்பொருட்டு நீர்த்தேக்கங்கள் சில கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஃப்யூஸ்டன் நீர்த்தேக்கம் 1879ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதன் நீருக்கடியில் மறைந்துபோன இடங்களுள் தாக்ரே என்னும் சிறு குடியிருப்பும் ஒன்று. இன்று அவ்விடத்தைக் காண இயலாது. எனினும் அதன் பெயர் அழியவில்லை. தாக்ரே, தாக்ரா, தாக்கரே எனச் சிறுசிறு மாற்றங்களுடன் அது ஒரு குடும்பப்பெயராக வாழ்ந்து வருகிறது. ஆங்கிலக் குடும்பப்பெயர்களுள் அரிதான இது கொல்கத்தா வரையிலும் கர்நாடகத்தின் கித்தூர் வரையிலும் வந்த கதையை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் பெயரின் பொருளை அறிவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் எனப்படும் ஸ்காண்டிநேவிய மக்கள் கடல் கடந்து வந்து யார்க்‌ஷயரில் குடியேறினர். அவர்களுடைய மொழியாகிய பழைய நார்சு மொழியின் சொற்கள் அப்பகுதியின் ஊர்ப்பெயர்களில் இன்றும் கலந்துள்ளன. அம்மொழியில் ‘தக்’ என்பது கூரை வேய உதவும் நாணலையும் ‘வ்ரா’ என்பது ஒதுக்குப்புறமான மூலையையும் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்தே தாக்ரே ஆயின. நம் நாட்டில் கூரை வேயப் பயன்படும் புல்லை விழல் என்பர். ஆகவே இவ்வூர்ப்பெயரைத் தமிழில் ‘விழல்மூலை’ என்று சொல்லிப் பார்க்கலாம். கேட்பதற்கு நம்மூர்ப் பெயர் போலவே இருக்கிறதல்லவா?

இனி, ஓர் ஊரின் பெயர் எவ்வாறு ஒரு மனிதரின் பெயராயிற்று என்பதைக் காண வேண்டும். 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்பு, அங்கே பொதுமக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப்பெயர் இல்லை. அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலத்தில் அவ்வழக்கம் மெல்ல மெல்லப் பரவியது. வரி தண்டுவோரும் வழக்கு மன்றத்தாரும் ஒரே ஊரில் வாழ்ந்த பல ஜான்களையும் பல வில்லியம்களையும் வேறுபடுத்தி எழுத வேண்டியிருந்தது. ஆகவே தந்தையின் பெயர், தொழிலின் பெயர், பட்டப்பெயர், ஊரின் பெயர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்களோடு ஒட்டிக்கொண்டது. கொல்லருக்கு ஸ்மித் என்றும், ஜானின் மகனுக்கு ஜான்சன் என்றும் பெயர்கள் அமைந்தது இவ்வாறே.

ஊர்ப்பெயரால் அமைந்த குடும்பப்பெயரில் ஒரு நுட்பம் உண்டு. தாக்ரேயிலேயே வாழும் ஒருவரை அவ்வூரார் ‘தாக்ரேக்காரர்’ என்று அழைக்கத் தேவையில்லை. அங்குள்ளோர் அனைவரும் தாக்ரேக்காரர்களே. அவர் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்த பின்னரே அங்குள்ளோர் அவரை அப்பெயரால் சுட்டுவர். ஆகவே இத்தகைய குடும்பப்பெயர் பெரும்பாலும் ஊரைவிட்டு வெளியேறியவர்க்கே வாய்த்தது.

இதனைத் தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நீங்கள் எளிதில் உணர்வீர்கள். வேற்றூரில் வாழும் தமிழரைப் பார்த்து நாம் முதலில் கேட்பதே “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதுதான். தமிழ்ப் பெயர்களிலும் ஊர் இடம்பெற்றதுண்டு. சங்கப் புலவர் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எனப்பட்டார். ஊர், தந்தை, இயற்பெயர் ஆகிய மூன்றும் அதில் உள்ளன. இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் முதலெழுத்து மதுரையையும், அடுத்தது அவருடைய தாயார் சண்முகவடிவையும் குறிக்கும். ஆனால் நம் முதலெழுத்துகள் தலைமுறைதோறும் மாறுவன. பள்ளிப் படிவத்தில் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்தில் உங்களுள் பலர் தந்தையின் பெயரை எழுதுகிறீர்கள். உங்கள் தந்தையோ அக்கட்டத்தில் உங்கள் தாத்தாவின் பெயரை எழுதுவார். வகுப்பிலுள்ள மற்ற மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆங்கிலேயர்க்கும் ஒரு காலத்தில் இவ்வாறே பெயர் தலைமுறைதோறும் மாறியது. பின்னர் அது அவர்களிடம் உறைந்து நின்றுவிட்டது, அவ்வளவே வேறுபாடு.

தாக்கரே என்பது ஏன் அரிய பெயராயிற்று? கொல்லர் இல்லாத ஊர் இல்லை. ஆகவே ஸ்மித் என்னும் பெயர் ஆயிரம் இடங்களில் தனித்தனியே தோன்றி, இங்கிலாந்தில் மிகப் பரவலான குடும்பப்பெயராயிற்று. தாக்ரேயோ ஒரே ஒரு சிறு குடியிருப்பு. அங்கிருந்து புறப்பட்ட சிலரின் வழியினரே அப்பெயரைத் தாங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் யார்க்‌ஷயரை விட்டு நெடுந்தொலைவு செல்லவில்லை. இன்றும் லீட்ஸைச் சுற்றியுள்ள பகுதிகளிலேயே இப்பெயர் மிகுதியாகக் காணப்படுகிறது.

எழுத்துக்கூட்டல் ஒரே சீராக இராமைக்குக் காரணம் எளியது. எழுதத் தெரியாத உழவர் தம் பெயரைச் சொல்ல, எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். லீட்ஸில் வாழ்ந்த மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா (1795–1833) தம் பெயரை ‘ரா’ என்றே முடித்தார். ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்போர்க்கு அவரவர் தொழிலால் வரும் நோய்களை ஆராய்ந்து, 1831இல் நூல் வெளியிட்டவர் அவர். சிறுவர்களை ஆலைகளில் நீண்ட நேரம் வேலை வாங்கும் கொடுமையையும் அந்நூலில் எடுத்துரைத்தார். இப்பெயர் தாங்கியவர்களுள் நாவலாசிரியரே பெரும்புகழ் பெற்றவர். என் மதிப்பில் இம்மருத்துவர் அவருக்குக் குறைந்தவர் அல்லர்.

அந்நாவலாசிரியரின் குடும்பமும் யார்க்‌ஷயரிலிருந்து வந்ததே. அக்குடும்பத்தைச் சேர்ந்த தாமஸ் தாக்கரே, ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். அவருடைய மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். சில்ஹெட் பகுதியில் அதிகாரியாக இருந்த அவர், காட்டு யானைகளைப் பிடித்துக் கம்பெனிக்கு விற்றும் பொருளீட்டினார். அடுத்த தலைமுறையில் அவருடைய மகன்கள் பலரும் இந்தியாவுக்கே வந்தனர். அவர்களுள் வில்லியம் என்பவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். உழவரிடமிருந்தே அரசு நேரடியாக வரி பெறும் ரயத்துவாரி முறையை ஆதரித்து, 1807இல் அறிக்கை எழுதியவர் அவரே. செயின்ட் ஜான் தாக்கரே தார்வாடில் ஆட்சியராக இருந்தார். கித்தூர் அரசைக் கம்பெனியின் ஆட்சிக்குள் கொண்டுவர முயன்ற அவர், 1824 அக்டோபரில் இராணி சென்னம்மாவின் படையுடன் நிகழ்ந்த போரில் கொல்லப்பட்டார். கித்தூர் சென்னம்மாவின் வீரத்தை வரலாற்றுப் பாடத்தில் படிக்கும்போது அவரை எதிர்த்து நின்ற அதிகாரியின் பெயரையும் கவனியுங்கள்.

மற்றொரு மகனான ரிச்மண்ட், கல்கத்தாவில் உயர்பதவி வகித்தார். அவருக்கு 1811ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் அந்நகரிலேயே பிறந்த மகன்தான் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. நான்கு வயதில் தந்தையை இழந்த அச்சிறுவன், அடுத்த ஆண்டே தாயைப் பிரிந்து, படிப்பதற்காகக் கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். பின்னாளில் அவர் எழுதிய ‘வேனிட்டி ஃபேர்’ என்னும் நாவல் 1847 முதல் 1848 வரை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதுவரை யார்க்‌ஷயருக்கு வெளியே பலரும் அறியாதிருந்த ஒரு குடும்பப்பெயரை ஆங்கிலம் படிக்கும் நாடெங்கும் அந்நாவல் கொண்டு சேர்த்தது.

மகாராட்டிரத்தில் வாழும் மாணவர்களின் மனத்தில் இந்நேரம் ஒரு வினா எழுந்திருக்கும். அங்குள்ள தாக்கரே குடும்பத்தினர் இவர்களுக்கு உறவினரா? இல்லை. அக்குடும்பத்தின் முன்னோரான கேசவ் சீதாராம் (1885–1973), ‘பிரபோதன்’ என்னும் இதழை நடத்திய சமூகச் சீர்திருத்தவாதி. பிரபோதன்கார் என்று புகழ்பெற்றவர். அவருடைய தந்தையார் பன்வேல்கர் என்னும் பெயரை வழங்கினார். பன்வேல் என்பது ஊர். மங்கேஷியிலிருந்து மங்கேஷ்கர் அமைந்ததுபோல, ஊரோடு ‘கர்’ சேர்ந்து அமைந்த பெயர் அது. ஆயினும் மகனைப் பள்ளியில் சேர்த்தபோது, ‘டாக்ரே’ என்று ஒலிக்கும் பழைய மராத்திக் குடும்பப்பெயரையே அவர் எழுதுவித்தார். மகன் வளர்ந்தபின், நாவலாசிரியர் தாக்கரேயின் எழுத்தின்மீது கொண்ட ஈடுபாட்டால், ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் அவருடைய எழுத்துக்கூட்டலை மேற்கொண்டார். மராத்தி எழுத்தில் அக்குடும்பத்தின் பெயர் இன்றும் பழையபடியே எழுதப்படுகிறது.