அமெரிக்காவில் பிஎச்.டி. இடம்: யார் முடிவு செய்கிறார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு பிஎச்.டி. (முனைவர் பட்டம்) விண்ணப்பம் போடுகிறீர்கள். அதை யார் படிப்பார்கள்? அலுவலகத்தார் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதோடு சரி. ஆளைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்த குழுதான்.

மதிப்பெண்தானே முக்கியம்? கட்-ஆஃப், ரேங்க், கவுன்சலிங் என்று பழகிய நமக்கு இங்கேதான் குழப்பம் வருகிறது. முதல் வடிகட்டலில் மதிப்பெண் உதவும். அதைத் தாண்டி வந்த எல்லாருமே நல்ல மதிப்பெண்காரர்கள் என்பதால், அப்புறம் அதை வைத்து ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது. ஜி.ஆர்.இ. (மேற்படிப்புக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதே இல்லை.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? இவரால் ஆராய்ச்சி செய்ய முடியுமா என்பதை. அதற்குச் சாட்சி பரிந்துரைக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். “ஒழுக்கமானவர், வகுப்பில் முதலாவது” என்று துறைத்தலைவர் எழுதும் நாலு வரியால் பயன் இல்லை. உங்கள் புராஜெக்டில் கூடவே இருந்த இளம் ஆசிரியர், சோதனை எங்கே சிக்கியது, நீங்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதினால் குழு நிமிர்ந்து உட்காரும். மாணவரே எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அது நேர்மையும் இல்லை.

நோக்க அறிக்கையில் (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் கட்டுரை) சிறுவயதுக் கனவு வேண்டாம். செய்த வேலை, அதில் எழுந்த கேள்வி, அதை அந்தத் துறையில் யாரோடு தொடர விருப்பம் என்பது போதும்.

எல்லாம் சரியாக இருந்தும் இடம் கிடைக்காமல் போகுமா? போகும். அறிவியல், பொறியியல் துறைகளில் பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடியாகும், மாத உதவித்தொகையும் வரும். அந்தப் பணம் பாடம் நடத்த உதவும் வேலையிலிருந்தோ, பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியிலிருந்தோதான் பொதுவாக வரும். நீங்கள் நினைத்திருக்கும் பேராசிரியரிடம் இந்த ஆண்டு நிதி இல்லையென்றால் உங்கள் தகுதி அங்கே எடுபடாமல் போகலாம். அதனால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே அவருடைய இணையப் பக்கத்தைப் பாருங்கள். புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்று பலர் அதிலேயே எழுதியிருப்பார்கள்.

மார்ச் முடிந்தும் பதில் இல்லையா? மனம் தளர வேண்டாம். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருகின்றன. அவர்கள் வேண்டாமென்று விடும் இடங்கள் காத்திருப்போருக்குப் போகும்.