போளிக்குள் ஒரு பருப்பு

“கட்டியும் இல்லை, வலியும் இல்லை. அப்புறம் எதற்கு மார்பகப் பரிசோதனை?” தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது பாதி பதில். வலிக்காத ஒன்றுக்காக முதல் தடவை ஒரு பெண் எப்படிக் கிளம்புவாள் என்பதுதான் மீதி.

அக்டோபர் வந்தால் எங்கும் மார்பகப் புற்று விழிப்புணர்வுக்கான இளஞ்சிவப்பு ரிப்பன். அதைப் பார்த்து யாரும் வேலையை விட்டுவிட்டுப் போவதாக எனக்குத் தோன்றவில்லை. பிரபலங்கள் கொஞ்சம் பரவாயில்லை. 2005 மே மாதம் பாடகி கைலி மினோக்குக்கு மார்பகப் புற்று என்ற செய்தி வந்ததும், ஆஸ்திரேலியாவில் அதுவரை பரிசோதனைப் பக்கமே போகாத 40 முதல் 69 வயதுப் பெண்களின் முன்பதிவு இரண்டே வாரத்தில் இரட்டிப்பானது. ஆறு வாரத்தில் அந்த வேகம் குறைந்துவிட்டது.

பரேலில் இருக்கும் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் வேறு வழியில் இறங்கியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயதுவரை 1,51,538 பெண்கள். அவர்களில் பாதிப் பேரை இரண்டாண்டுக்கு ஒருமுறை அழைத்துக் கையாலேயே சோதித்தார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். மெமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே கிடையாது. விரல்தான் கருவி.

அந்த விரலை லேசாக நினைக்க வேண்டாம். விரல்நுனித் தோலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் இருநூறுக்கு மேற்பட்ட தொடு நரம்பிழைகள் வந்து முடிகின்றன. மெர்க்கல் வகை, அழுத்தம் எங்கே கூடியிருக்கிறது, விளிம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும். மைஸ்னர் வகை, நகர்வையும் மாற்றத்தையும் சொல்லும். அதனால்தான் நகநுனியால் குத்தாமல், நடு மூன்று விரல்களின் சதைப்பற்றான பகுதியால் சின்னச் சின்ன வட்டமாக உருட்டி, மேலும் கீழுமாக வரிசை வரிசையாகத் தடவச் சொல்கிறார்கள்.

மாட்டுங்காவில் வாழை இலையில் போளி தட்டும் அம்மாளைக் கவனியுங்கள். பூரணத்தில் மசியாத கடலைப்பருப்பு ஒன்று கிடந்தால், மைதாத் தோலுக்கு மேலிருந்தே அவர் விரல் நின்றுவிடும். மெத்தென்ற பொருள் அழுத்தத்தைப் பரப்பிவிடும்; கெட்டியான பருப்பு தன் தலைக்கு மேல் மட்டும் அதைக் குவித்துத் திருப்பித் தரும். லேசாக அழுத்தினால் தோலுக்கடியில் இருப்பது தெரியும், நடுத்தரமாக அழுத்தினால் பூரணத்தின் நடுவில் இருப்பது, அழுந்த அழுத்தினால் வாழை இலையை ஒட்டிக் கிடப்பது. பருப்பு நழுவுகிறதா, ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். நழுவாதது கூடுதல் கவலை.

இனி போளியை விட்டுவிட வேண்டும். மார்பகம் இயல்பிலேயே முடிச்சு முடிச்சானது, மாதவிலக்கை ஒட்டி மாறவும் செய்யும். கையில் படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே அல்ல. அதோடு, போளிக்கு வெட்கம் கிடையாது. கூலியை விட்டு, வீட்டில் அனுமதி கேட்டு, யாரோ ஓர் ஆண் டாக்டர் முன் சட்டையைக் கழற்ற வேண்டும் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 30 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. பெண்ணே வாசலுக்கு வந்து அழைத்து, பெண்ணே சோதித்தால் தயக்கத்தில் பாதி அங்கேயே கழன்றுவிடும்.

  

மும்பை ஆய்வின் இருபதாண்டுக் கணக்கு 2021இல் வெளியானது. முற்றிய நிலையில் பிடிபட்டவர்கள், சோதிக்கப்பட்ட பிரிவில் 37 சதவீதம், மற்ற பிரிவில் 47. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களில் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக இருக்கலாம். ஐம்பதுக்குக் கீழே பலன் தெரியவில்லை. ‘விரலே போதும்’ என்று எவராவது கொடி பிடித்தால் இந்த வரியைக் காட்டுங்கள். ‘ஏஐ ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்’ என்று விற்க வருபவரிடம் இருபதாண்டு மரணக் கணக்கைக் கேளுங்கள்.

அரசின் வழிகாட்டுதலில் 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை. மும்பையில் பலன் தந்தது இரண்டாண்டுக்கு ஒருமுறை. வாசகி ஐம்பதைத் தாண்டியவர் என்றால், ஐந்தாண்டு ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து மாநகராட்சி மருந்தகத்தில் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.