அனுமதிச் சுவரில் கூடைக்காரி

கிராஃபிட்டி என்றால் இரவில் ஒளிந்து வந்து கிறுக்குவது என்ற எண்ணத்தை மலேசியாவில் மாற்றியது 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழா. லித்துவேனியாவில் பிறந்த ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் வீதிச் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, நிஜமான பழைய சைக்கிள் ஒன்றை அவர்களுக்குக் கீழே பொருத்தினார். 2008-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய நகரம் அது. ஆனாலும் பயணிகள் வரிசை கட்டியது அந்தச் சைக்கிளின் முன்தான். 2014-இல் அதே ஓவியர் ஒரு காப்பி நிறுவனத்தின் ஆதரவில் ஈப்போவில் வரைந்தார். இடையில், 2013-இல், ஜொகூர் பாருவில் அவர் வரைந்த படம் மட்டும் நிலைக்கவில்லை: கைப்பையோடு நடந்துவரும் பொம்மைப் பெண், சுவரின் மறுபுறம் கத்தியோடு காத்திருக்கும் திருடன். சில நாள்களிலேயே அதன்மேல் சாயம் பூசப்பட்டது. சைக்கிளுக்குக் கிடைத்த இடம் கத்திக்குக் கிடைக்கவில்லை.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் கேமரன் மலை. பிரிஞ்சாங், தானா ராத்தா போன்ற ஊர்களில் சுவர் கடைக்காரருடையது. அவர் சம்மதிக்க வேண்டும், உள்ளாட்சி மன்றமும் ஒப்ப வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குள் கதை வேறு. ஆலையும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் நிற்பது தோட்ட நிலத்தில். அங்கே எந்தச் சுவரில் எதை வரைவது என்பது, பெரும்பாலும் அந்தச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர் கையில் இல்லை.

தோட்டத்து மக்கள் தாங்களே முடிவு செய்து வண்ணம் தீட்டிய இடம் ஒன்று உண்டு, அது கோயில். மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் திருவிழாவுக்கு முன் புதுச் சாயம் ஏறும், மீசை கறுக்கும், கண் திறக்கும். இதை யாரும் பொதுவெளிக் கலை என்று அழைத்ததில்லை, விளம்பரத் தாளில் அச்சிட்டதுமில்லை.

தேயிலை மலையை ஓவியமாக்கச் சொன்னால் தூரிகை தானாகப் போய் நிற்பது முதுகில் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணிடம். கேமரன் மலையில் பெருந்தோட்டம் 1929-இல் தொடங்கிய காலத்துக்கு அந்தப் படம் பொருந்தும். இன்று சரிவுகளில் கொழுந்தை வெட்டுவது பெரும்பாலும் கைக்கத்தரியும் இருவர் பிடித்து நடத்தும் இயந்திரமும். பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கூடைக்காரியின் பேரப்பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அனுமதி கொடுப்பவருக்கு அவள் சிக்கலில்லாத படம்: சிரிப்பாள், சம்பளம் கேட்கமாட்டாள், லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லமாட்டாள். படம் பயணிகளை இழுக்கிறது, பழைய உழைப்புக்கும் அது ஒரு மரியாதை என்பாரும் உண்டு. மரியாதைதான், ஆனால் இயந்திரம் பிடித்தவருக்கு ஒரு சுவர் கிடைக்க இன்னும் எத்தனை காலமோ.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் 2016-இல் எழுந்த சுவரோவியமும் கிளி ஜோசியர், பூக்கட்டுபவர் என்று அருகிவரும் தொழில்களைத்தான் தேர்ந்தெடுத்தது. சென்னை கண்ணகி நகர் சற்று மாறுபட்டது. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான அடுக்குமாடிகள் அவை. 2020-இல் அவற்றின் பக்கச் சுவர்களில் அங்கே வாழும் பிள்ளைகளின் முகங்களும் மாடி உயரத்துக்கு எழுந்தன.

கேமரன் மலையில் எதை வரைந்தாலும் மழையோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மூடுபனியில் சுவர் முழுதாகக் காய்வது அரிது. முதலில் பாசியைச் சுரண்டி, ஈரத்தடுப்புப் பூச்சு கொடுத்து, வெயில் அடிக்கும் நாள்களாகப் பார்த்து வரைய வேண்டும். இல்லையென்றால் சாயம் கொப்புளித்து உரியும். சமவெளியான ஈப்போவிலேயே 2014-ஆம் ஆண்டுப் படங்கள் சில மங்கிவிட்டன. குடும்பங்கள் வெளியேறிய லயத்தில் வரைந்ததற்கோ அவ்வளவு ஆயுளும் இல்லை. சுவரை இடிக்கும்போது அதுவும் போகும்.