எதிரி போனபின் கூட்டணிக்கு என்ன ஆகும்?

தென்காசி போகும் பஸ்ஸில் ஏறினால் ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். சுமார் 260 வருஷத்துக்கு முன் படைகள் போய் வந்த தடம் இது. பொதுவான எதிரி ஒழிந்ததும் நட்பு நாடுகள் ஏன் ஒன்றையொன்று முறைக்கின்றன என்பதற்கும் இந்தச் சீமையிலேயே விடை இருக்கிறது.

1750களில் ஆற்காடு நவாப் முகமது அலிக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் பயம் ஒன்றுதான்: பிரெஞ்சுக்காரர்கள். நவாபுக்குப் பதவி நிலைக்க வேண்டும், கம்பெனிக்கு வியாபாரம் நடக்க வேண்டும். இருவருக்கும் கை கொடுத்தவர் கம்பெனியின் சிப்பாய்த் தளபதி யூசுப் கான். மருதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, தெற்கிலிருந்து படையோடு போய், வெளியிலிருந்தபடியே பிரெஞ்சுப் படைக்கு ஓயாமல் தொல்லை கொடுத்தார். பிப்ரவரியில் முற்றுகை விலகியது. திரும்பி வந்து 1761 மே மாதம் பாளையக்காரர் புலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அதே வருஷம் ஜனவரியிலேயே பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி விழுந்துவிட்டது.

இனி எதிரி இல்லை. சச்சரவு அங்கேதான் ஆரம்பித்தது. கான் நிர்வகித்த மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரிப்பணம் யாருக்கு? சீமை என்னுடையது, கான் எனக்குக் கட்டுப்பட்டவர் என்றார் நவாப். கம்பெனிக்கு நேராகவே கட்டுகிறேன், நடுவில் நவாப் எதற்கு என்பது கானின் நிலை. பிரெஞ்சுப் படை வாசலில் நின்றவரை கம்பெனி இந்த வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. இருவரும் தேவைப்பட்டார்கள். போர் ஓய்ந்ததும் கணக்குப் பார்த்தது. போர்ச் செலவுக்காக நவாப் கம்பெனியிடம் பெருங்கடன் பட்டிருந்தார்; சீமையின் வருமானம் அவர் கைக்குப் போனால்தான் அந்தக் கடன் வசூலாகும். போதாததற்கு, 1763 பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அவரை நவாபாக ஒப்புக்கொண்டது. கானிடம் இருந்தது வீரமும் நிர்வாகத் திறமையும். காட்டுவதற்குப் பட்டம் ஒன்றும் இல்லை.

அந்த வருஷமே கம்பெனிப் படையும் நவாப் படையும் மதுரையை முற்றுகையிட்டன. கான் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எந்தப் பிரெஞ்சுக்காரர்களை விரட்டினாரோ, அவர்கள் தயவையே நாட வேண்டியதாயிற்று! கடைசியில் சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். அந்த முடிவை என்னால் இன்றும் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

இது நம் சீமைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. திப்புவுக்கு எதிராகக் கம்பெனியோடு சேர்ந்து நின்ற மராட்டியரும் நிஜாமும், திப்பு 1792இல் பாதி நாட்டை இழந்தபின், 1795இல் கர்டாவில் தங்களுக்குள்ளேயே மோதினார்கள். கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. ஹிட்லரைச் சேர்ந்து வீழ்த்திய அமெரிக்காவும் ரஷ்யாவும் நான்கே வருஷத்தில் எதிரெதிர் முகாமாகிவிட்டன. பயம் இருக்கும்வரை எல்லைத் தகராறும் பாக்கிப் பணமும் யார் பெரியவர் என்ற கேள்வியும் தள்ளிப்போகின்றன. தீர்வதில்லை. பயம் நீங்கியதும் எல்லாம் ஒரே நாளில் மேஜைக்கு வருகின்றன. அப்போது முதலில் கழற்றிவிடப்படுபவர் மாற்று ஆதரவு இல்லாதவர்தான்.

கானைத் தீர்த்துக்கட்டிய நவாபுக்கும் கடன் தீரவில்லை, வளர்ந்தது. அவர் 1795இல் இறந்தார். திப்பு 1799இல் மாண்டபின் கம்பெனிக்குத் தெற்கே பயப்பட ஆளில்லை. நவாப் குடும்பத்தின் தயவும் வேண்டியிருக்கவில்லை. 1801 ஜூலையில் நவாபின் நாடான கர்நாடகச் சீமையின் ஆட்சி முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. வாரிசுக்குக் கிடைத்தது நவாப் என்ற பெயரும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும்.