அதிமானுட வீரர் படங்களிற் சாம் றேமியின் நடை

ஒரு செய்யுளைப் புலவர் பெயர் காணாது படித்தும், இஃது இன்னார் வாக்கு என்று கூறிவிடும் வாசகர் உளர். நடை என்று நாம் வழங்குவது அத்தகைய அடையாளத்தையே. திரைப்படத்தில் அவ்வாறு கூறுதல் எளிதன்று. ஒரு படத்தின் ஆக்கத்தில் நூற்றுக்கணக்கானோரின் கை கலந்திருக்கும். அமெரிக்காவின் அதிமானுட வீரர் படத்தொடர்களிலோ அஃது இன்னும் அரிது. வீரர்கள் சித்திரக்கதை ஏடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்தம் உடை, குணம், பகை யாவும் பெரும்பாலும் முன்னரே முடிவானவை. முன்வந்த படம் இட்ட முடிச்சை அவிழ்த்து, வரப்போகும் படத்துக்கு வேறொரு முடிச்சையும் இட்டுச் செல்லவேண்டியது நெறியாளரின் கடமை. பெருஞ்சண்டைகளின் போக்கைக்கூடப் படப்பிடிப்புக்கு முன்னரே கணினியில் வரைந்து வைக்கும் வழக்கமும் உண்டு. இத்தகைய தொழிற்சாலையில் அமர்ந்து வேலை செய்யும் ஒருவர் தமக்கென ஒரு நடையைக் காத்துக்கொள்ளல் இயலுமா? இயலும் என்பதற்குச் சாம் றேமி தக்க சான்று.

றேமி 1959ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்திற் பிறந்தவர். இருபது வயதளவில் நண்பர் சிலருடன் தெனெசி மாநிலத்துக் காடொன்றிலே, கைவிடப்பட்ட மரக்குடிலில், 'ஈவில் டெட்' என்னும் பேய்ப்படத்தை எடுக்கத் தொடங்கினார். அது 1981இல் வெளியாயிற்று. செலவு நான்கு இலட்சம் டொலருக்கும் குறைவு. பேய்க்கு உருவம் சமைக்கப் பணமில்லை. கமெராவை ஓட்டுதற்குரிய விலையுயர்ந்த கருவிகளும் இல்லை. ஆகவே ஒரு பலகையின் நடுவிற் கமெராவைப் பூட்டி, அதன் இரு முனைகளையும் இருவர் பற்றிக்கொண்டு காட்டினூடே ஓடினர். நிலத்தை உராய்வதுபோலத் தாழ்ந்து, மரங்களுக்கிடையே நெளிந்து, குடிலை நோக்கி விரையும் அக்காட்சிகளில் நாம் பேயைக் காண்பதில்லை. பேயின் கண்ணாற் காண்கிறோம். வறுமை கற்பித்த உபாயம் இது. ஆயினும் றேமியின் நடை முழுவதும் இதிலிருந்தே கிளைத்தது என்பது என் துணிபு. பிற நெறியாளர் பலரிடத்துக் கமெரா வெறும் சாட்சி; றேமியிடத்து அது கதைமாந்தருள் ஒருவர். அதுவும் பெரும்பாலும் தீயவர்.

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளைக் கொண்டு நோக்கினால் இந்நடையின் மற்றொரு கூறு விளங்கும். அதிமானுட வீரர் படங்களுக்கு இயல்பானவை பெருமிதமும் மருட்கையும். வீரன் வானிற் பறக்கிறான், நாம் வியக்கிறோம். றேமியோ அச்சத்தையும் நகையையும் இளிவரலையும் ஒரே கணத்திற் கலந்துவிடுவார். அலறுதற்கு வாய் திறந்தவர் சிரித்துவிட்டுத் தம்மையே கடிந்துகொள்வர். 1987இல் வந்த 'ஈவில் டெட்' இரண்டாம் படத்திலே, பேய் பற்றிய தன் கையே தன்னை அடிக்க, கதாநாயகன் சமையலறைத் தட்டுகளை ஒவ்வொன்றாக மண்டையில் வாங்கிக்கொள்கிறான். தன் உடலே தனக்குப் பகையாதல் இவர் மீண்டும் மீண்டும் நாடும் கரு.

இக்கையும் இக்கண்ணும் பெரும்பொருட் படங்களுக்குள் எவ்வாறு புகுந்தன என்பதே நாம் கருதவேண்டியது. கொலம்பியா நிறுவனத்திற்காக அவர் 2002இல் 'ஸ்பைடர்மான்' படத்தை எடுத்தார். 2004இல் வந்த இரண்டாம் படத்தின் செலவு ஏறத்தாழ 20 கோடி டொலர். அதில் வரும் மருத்துவமனைக் காட்சி ஒன்றே போதும். விபத்தொன்றில் நான்கு இயந்திரக் கைகள் முதுகோடு ஒட்டிப்போன விஞ்ஞானி ஒக்டேவியஸ் மயங்கிக் கிடக்கிறார். வைத்தியர்கள் அக்கைகளை அறுத்தெடுக்க முனைகின்றனர். வாள் நெருங்கியதும் கைகள் விழித்துக்கொள்கின்றன. பின்னணி இசை ஏதும் இல்லை. உலோகத்தின் ஒலியும் மனிதர் அலறலுமே கேட்கின்றன. கொலைகள் சுவரில் நிழலாகத் தெரிகின்றன. இழுத்துச் செல்லப்படும் தாதியின் நகங்கள் தரையைக் கீறுகின்றன. இடையே கமெரா அந்த இயந்திரக் கையின் கண்ணாகி, அலறும் முகத்தை நோக்கிப் பாய்கின்றது. காட்டிற் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே பாய்ச்சல்! குழந்தைகளும் காணவந்த படத்தில் ஒரு துளி இரத்தமும் பெரிதாகக் காட்டாமல் இத்துணை அச்சத்தை விளைத்தது சிறிய செயலன்று.

ஈண்டு ஒரு வேறுபாட்டை வற்புறுத்தல் வேண்டும். றேமியின் படங்கள் பலவற்றில் 1973ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார் ஒன்று தலைகாட்டும். இளமைத் தோழர் புறூஸ் காம்பெல் சிறு வேடமொன்றில் வந்துபோவார். இவற்றைக் கண்டுபிடித்து மகிழ்வதையே சிலர் இரசனை எனக் கொள்வர். இவை முத்திரைகளேயன்றி நடையல்ல. முத்திரையை எவரும் ஒட்டலாம். அலங்காரமும் அத்தகையதே. ரிம் பேர்ட்டன் 1989இலும் 1992இலும் எடுத்த 'பாற்மான்' படங்களின் தனித்தன்மை பெரிதும் இருண்ட நகரமைப்பிலும் உடைகளிலும் தங்கியிருந்தது. அதற்கு நிறுவனம் ஒரு நகரையே கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. றேமியின் நடை அசைவிலே தங்கியது. அதற்குத் தனியே எதுவும் கட்டவேண்டியதில்லை. ஆகவே அதனைப் பறிப்பதும் கடினம்.

கடினமேயன்றி இயலாததன்று. 2007இல் வந்த மூன்றாம் ஸ்பைடர்மான் படத்தில், தமக்கு ஈடுபாடில்லாத வெனம் என்னும் பாத்திரத்தைத் தயாரிப்பாளரின் விருப்பத்திற்கிணங்கி அவர் சேர்த்தார். படம் பல தலைகள் கொண்டு தள்ளாடிற்று. நான்காம் படத்துக்கான முயற்சி 2010இற் கைவிடப்பட்டது.

பின்னர் மார்வெல் நிறுவனம் 2016இல் வந்த 'டொக்டர் ஸ்ரேஞ்ச்' படத்தின் தொடர்ச்சியை அவரிடம் ஒப்படைத்தது. முதற் படத்தின் நெறியாளர் ஸ்கொற் டெறிக்சன் 2020 சனவரியில் விலகியதால் வந்த வாய்ப்பு அது. 2022 மே மாதத்தில் வெளியான அப்படம் அத்தொடரில் 28ஆவது. வாண்டா என்னும் பெண்ணின் துயரம் 2021இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடர்வது. ஆகக் கதையும் மாந்தரும் றேமிக்குச் சொந்தமல்ல. அவர் செய்தது என்ன? கண்ணாடி உலகிற் சிறைப்பட்ட வாண்டா, நம் கோயிற் சேமக்கலத்தைப் பெரிதாக்கினாற் போன்றதொரு வெண்கலத் தட்டினூடே, மூட்டுகள் முறுகி, உடலை வளைத்து வெளியே தவழ்கிறாள். முன்னே ஓடுவோரைச் சுரங்கவழியில் இரத்தம் தோய்ந்து, காலை இழுத்து இழுத்துத் துரத்துகிறாள். பறக்கவல்ல ஒருத்தியை நொண்டி நடக்கவைத்ததில் இருக்கின்றது அச்சம்.

அதனினும் சிறந்தது இறுதிப் பகுதி. வேற்றுலகொன்றில் அகப்பட்ட ஸ்ரேஞ்ச், தன் உலகிலே புதைக்கப்பட்ட தன்னொத்த ஒருவனின் பிணத்தினுட் புகுந்து எழுகிறான். பாதி முகம் அழுகியிருக்கின்றது. தாக்கவரும் தீய ஆவிகளைப் பற்றி அவற்றையே போர்வையாக்கிப் பறக்கிறான். முன்னைய படங்களிற் பேய் மனித உடலுட் புகும். இங்கே வீரன் பேயின் தொழிலை மேற்கொள்கிறான். இத்தொடரில் இதற்குமுன் எவரும் கதாநாயகனை இவ்வாறு காட்டத் துணிந்திலர்.

படம் முழுவதும் இத்தரத்ததன்று. பல உலகங்களின் இயல்பை விளக்கும் உரையாடல்கள் நீண்டு சோர்வு தருகின்றன. விருந்தினர் போலப் புதிய வீரர்கள் வரிசையாய் வந்தமரும் சபைக்காட்சியில், அவர்கள் சாகத் தொடங்கும் வரை, நெறியாளர் இருக்குமிடமே தெரியவில்லை.

மார்வெல் படங்களிற் பெயர்ப்பட்டியல் முடிந்தபின் வரும் துணுக்குக் காட்சி பெரும்பாலும் அடுத்த படத்துக்கு விளம்பரமாகும். இப்படத்தில் ஈற்றில் வருபவர் புறூஸ் காம்பெல். ஸ்ரேஞ்சின் மந்திரத்தால் தன் கையாலேயே அடிபட்டுக்கொண்டிருந்த தெருவோர உணவு வியாபாரி அவர். கை ஓய்கின்றது, முடிந்துவிட்டது என்று நம்மை நோக்கிக் கூவிச் சிரிக்கிறார். அவ்வளவே, அடுத்த படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.