தொட்டுக்கொள்ள மட்டுமா காய்?

"என்ன சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீட்டுச் சாப்பாடுதாங்க. வெளியில கை நனைக்கிறதே இல்ல." சொன்னது உண்மை. ஆனால் ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது.

வீட்டில் சமைத்தால் எல்லாம் நல்லது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். மறுநாள் சின்னத் தராசு ஒன்றை எடுத்து மதியச் சமையலை நிறுத்துப் பார்த்தேன். அப்பா பங்குக்கு அம்மா போடும் ஒரு டம்ளர் அரிசி 180 கிராம். நான்கு பேருக்கும் சேர்த்து வாங்கிய பீன்ஸ் கால் கிலோ. வதங்கிய பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி வந்தது. சாம்பாரில் பருப்பைத் தேடத்தான் வேண்டும். காலை இட்லிக்கும் இரவு தோசைக்கும் சட்னியோடு சரி.

எங்கள் மதுரைப் பக்கம் சோற்றோடு வரும் காயை வெஞ்சனம் என்போம். சோறுதான் சாப்பாடு; காய் தொட்டுக்கொள்ள. வயலிலும் வேலையிலும் உடம்பு உருகிய காலத்தில் அந்தச் சோறு எரிந்து போனது. உட்கார்ந்தே இருக்கும் நமக்கு அது எரிவதில்லை.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் ஓர் உணவு வழிகாட்டியை வெளியிட்டது. 1918இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் அந்த நிறுவனமாக வளர்ந்தது. தீட்டிய பச்சரிசியை மட்டும் நம்பியிருந்தவர்களை பி1 சத்துக் குறைவால் வாட்டிய நோய் பெரிபெரி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கலரிசிக்காரர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அந்த வழிகாட்டி சொல்வது இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், கறி வகையில் 85 கிராம், பழம் 100 கிராம். காயும் கீரையும் 400 கிராம், அதுவும் உருளைக்கிழங்கைச் சேர்க்காமல். எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. எங்கள் நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காய் வேண்டும். நாங்கள் வாங்கியதோ கால் கிலோ.

"இம்புட்டையும் யாரு நறுக்குறது?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. நம் வீடுகளில் காய் குறைவதற்குப் பணத்தைவிட இந்த வேலைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதையும் ஒருவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த விரல்கள் இப்போது முறத்தின் முன்னால் முருங்கைக்கீரை உருவுகின்றன. கொத்தைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்பதை அவரே கண்டுபிடித்தது போல எல்லோரிடமும் சொல்கிறார். கீரையோடு ஒரு கை பாசிப்பருப்பு போட்டு வேகவைத்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறோம். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பிலுள்ள சி சத்து உதவுகிறது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

சாயங்கால மிக்சருக்குப் பதில் சுண்டல். தட்டில் முதலில் காய், அப்புறம் சோறு. முதல் வாரம் அப்பா, "ஏம்மா, வயிறு நெறஞ்ச மாதிரியே இல்லையே" என்றார். இப்போது அந்தப் பேச்சு இல்லை. சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரையைக் கூட்டுவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

நாளைக் காலை காய்க்கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, 400ஆல் பெருக்கிப் பாருங்கள். பையோடு, கூட நறுக்க ஓர் ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.